மாமா கொண்டுவந்த புடவை

நெல் மில் ஒன்று, அறுவடை மெஷின் இரண்டு, மாயவரம் ரோட்டோரம் மாடி வீடு. குத்தகைக்கு உழுத நிலத்தையே கிரயம் பண்ணியது, மகளை டாக்டராக்கியது. அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒருத்தனாக நின்று செய்தவை இவை. ஆனால் இதற்கெல்லாம் முன்பே, எட்டு வயதில், ஓர் உயிரையே காப்பாற்றியிருக்கிறேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரலை மடக்க முடியாது, முட்டி வீங்கிக் கொதிக்கும். நாற்றுப் பறிக்கப் போகாமல் படுத்துவிட்டாள். மாயவரத்து டாக்டர் அப்பாவிடம், "இது மூட்டோட நிக்காதுங்க. விட்டுட்டா இதயத்தையும் பிடிக்கும், ஆயுசைக் குறைச்சிடும். மருந்தை விடாமக் குடுங்க" என்றார். மருந்து என் காதில் ஏறவில்லை. ஆயுசுதான் ஏறியது. விடிந்ததும் அம்மாவின் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். அப்படியும் நம்பாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பேன்.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் அண்ணன் நாகப்பட்டினத்திலிருந்து வந்தார். பையை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுக் கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். பைக்குள் ஒரு புதுப்புடவை. எதிர்வீட்டு அத்தை செத்தபோது அவர் அண்ணனும் இப்படித்தான் பிறந்த வீட்டுக் கோடியென்று புதுப்புடவை கொண்டுவந்து பிணத்தின்மேல் போர்த்தினார். எங்கள் மாமா முந்திக்கொண்டார் என்று நினைத்தேன். புடவையைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போய் வாய்க்காலில் எறிந்தேன்.

திரும்பியபோது மாமா வாசலில் நின்றார்.

"புடவை எங்கடா?"

"வாய்க்கால்ல போட்டுட்டேன்."

"அடப் படுபாவி! தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போறப்பக் கட்டிக்கட்டும்னு வாங்கியாந்தேன்டா!"

"எங்கம்மா சாவாது! நீங்க ஒண்ணும் கோடி போட வேணாம்!"

ஓங்கிய கையை மாமா அப்படியே இறக்கிக்கொண்டார். உள்ளே அம்மா சிரித்தாள். அப்புறம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, மாமா காதில் விழாமல் கேட்டாள்.

"நல்ல ஆழமாப் பாத்துப் போட்டியா, தம்பி?"

"மதகுல மாட்டியிருக்கும்மா. எடுத்தாரட்டா?"

"வேணாம், வேணாம். போவட்டும்."

மடங்காத விரல்களால் என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவில்லை. வாதம் என்று நினைத்தேன். அந்தப் புடவை என்னை மட்டும்தான் பயமுறுத்தியது என்றும் நினைத்தேன்.

மறுநாள் பழைய புடவையிலேயே அம்மா மாமாவோடு பஸ் ஏறினாள். தஞ்சாவூர் மருந்தைக் கடைசிவரை விடவில்லை. மாமாவே போய்ச் சேர்ந்த பிறகும் இருந்து, பேத்தி டாக்டரானதையும் பார்த்துவிட்டுத்தான் போனாள். "மருந்தை விடாததாலதாம்ப்பா அப்பாயி இத்தனை வருஷம் இருந்தாங்க" என்கிறாள் மகள். சரி, மருந்துக்கு உண்டானதை மருந்துக்குக் கொடுக்கட்டும், மாமாவுக்கும் கொடுக்கட்டும். வீடு தேடி வந்த சாவைத் தண்ணீரில் விட்டவன் நான். என் பங்கையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.