மெர்லியின் வாடகை இல்லாத கணினி

ஓட்டோன் ஊரின் சந்தைத் தெருவில் என் நூடுல்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடை மெர்லி என்கிற மெர்லிண்டாவுடையது. பிறந்தநாள், பட்டமளிப்பு, துக்கம் என்று ஊரில் எது நடந்தாலும் பேனர் அவளிடம்தான்.

முன்பு ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், பிறகு மாதச் சந்தா கேட்டது. படம் வரைய ஒரு சந்தா, எழுத்துருவுக்கு ஒன்று, கோப்புகளைச் சேமிக்க இன்னொன்று. ஒரு மாதம் வங்கி அட்டை காலாவதியாகிப் பணம் போகவில்லை. அவளுடைய பழைய படங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"நான் வரஞ்சத நானே பாக்க வாடகை கட்டணுமாம் மானோங்," என்று எங்கள் ஊர் வழக்கப்படி என்னை 'அண்ணா' என்றழைத்து, என் கடைக்கு வந்து பொருமினாள். "என் வீட்டுக்குள்ள போக நானே டிக்கெட் எடுக்கிற மாதிரி இருக்கு."

அந்த மாதம் மட்டும் கட்டினாள். எல்லாப் படங்களையும் எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டாள். சந்தாவை நிறுத்தப் போனால், "எங்களைப் பிரியத்தான் வேண்டுமா?" என்று திரை திரும்பத் திரும்பக் கேட்டது.

"ஆமாடா ராசா, நீ நல்லாயிரு," என்று சொல்லியே நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

அதற்குப் பதிலாக அவள் ஏற்றிக்கொண்ட இலவச மென்பொருள் எளிதில் வசப்படவில்லை. நிறம் மாறி, ஒரு ஞானஸ்நானப் பேனரில் குழந்தையின் முகம் ஊதாவாக வந்தது.

"இது என் புள்ளையா, கத்தரிக்காயா?" என்றாள் தாய்.

எதிர்க்கடையில் அவளைப் போலவே பேனர் அடிக்கும் ருடிகோ, "ஓசியில வந்தது ஊதாவாத்தான் இருக்கும்," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். மெர்லி அந்தத் தாய்க்கு வேறு பேனர் அடித்துக் கொடுத்தாள். பிறகு நிறம் சரியாக வரும்வரை துண்டுத் துணிகளில் அச்சடித்துப் பார்த்தாள். மழைக்காலத்துக்குள் கை பழகிவிட்டது.

அந்த மழைக்காலத்தில்தான் புயல் வந்தது. மின்சாரமும் இணையமும் போயின. ஜெனரேட்டர்கள் ஓடின. ஆனால் சந்தா கட்டியிருக்கிறதா என்று இணையத்தில் சரிபார்க்காமல் மற்றக் கடைகளின் மென்பொருள் திறக்க மறுத்தது. நகராட்சிக்கோ அவசரமாகப் பேனர்கள் தேவைப்பட்டன: குடிநீர் எங்கே கிடைக்கும், மருத்துவர் எங்கே இருக்கிறார், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது.

ஊரில் ஓடிய ஒரே அச்சு இயந்திரம் மெர்லியுடையது. நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். மை காய்வதற்குள் ஆட்கள் பேனர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேயரே வந்து கையால் ஒன்றைச் சுருட்டினார்.

மறுநாள் காலை ருடிகோ வாசலில் நின்றார். "மருத்துவமனை பேனரு ஒண்ணு பாதியில நிக்குது மெர்லி. சாஃப்ட்வேர் தொறக்காம படம் உள்ளயே மாட்டிக்கிச்சு."

"உக்காருங்க மானோங். அளவச் சொல்லுங்க, புதுசாவே போட்டுடலாம்."

அச்சடித்து முடித்ததும் அந்த இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி நீட்டினாள். அவர் பர்ஸைத் தேடினார்.

"அது வேணாம். இத யாருக்கு வேணாலும் குடுக்கலாம், தப்பே இல்ல. மொத வாரம் ஊதாவாத்தான் வரும், பயந்துடாதீங்க."

ருடிகோ தலை குனிந்துகொண்டு சிரித்தார். மெர்லி அடுத்த துணியை இயந்திரத்தில் மாட்டினாள்.