லிஃப்ட் மெக்கானிக் கேட்ட மெட்டல் ஆல்பம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபது வருஷ அனுபவம். போன மாதம் அவர் உள்ளே இருந்தபோதே ஒரு லிஃப்ட் இரண்டு மாடி சரிந்து நின்றது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து கதவு மூடும் சத்தம் கேட்டாலே அவருக்குக் குலை நடுங்கியது. லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தார்.

ஒரு மத்தியானம் மகள் சமையலறையில் ஒரு ஹெவி மெட்டல் இசை ஆல்பத்தைப் போட்டாள். டிரம்ஸ் தடதடக்க, எவனோ தொண்டை கிழியக் கத்தினான். அவர் வியர்த்து விறுவிறுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று கத்தல் நின்று, வயலின் தாலாட்டுப் போல இழைந்தது. அது முடிவதற்குள் சர்க்கஸ் பேண்டு புகுந்தது. மறுபடியும் இடி.

"பயந்துட்டீங்களாப்பா? நிறுத்திடறேன்."

"வேண்டாம், இரும்மா. அடுத்து என்ன வருதுன்னு பாக்கணும்."

நாற்பது நிமிடமும் நெஞ்சு படபடக்கக் கேட்டார். அந்த ஒரு மாதத்தில், பயம் வந்தும் அவர் எழுந்து ஓடாமல் இருந்தது அப்போதுதான்.

"இதைப் போய் எதுக்கும்மா கேக்கறே?"

"பயமா இருக்குல்ல, அதுக்குத்தான்பா."

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். லிஃப்டுக்குள் கால் வைத்ததும் கதவு மூடும் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாடி போனார். மிச்ச மாடிகளுக்குப் படியேறினார்.