நூற்றுக்கு நாற்பத்தைந்து

பதுளை ஆஸ்பத்திரியில் அப்பாவை ஒரு ரப்பர்க் குழாயில் ஊதச் சொன்னார்கள். மறுமுனை, தண்ணீரில் மிதந்த ஒரு தகர டப்பாவுக்குள் போயிற்று. அவர் ஊத, டப்பா எழும்பியது. அதோடு கட்டிய பேனா காகிதத்தில் கோடு கிழித்தது. பந்தயம் பார்ப்பவன்போல் நான், "இன்னும், இன்னும்" என்று கத்தினேன்.

லுணுகலைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பாவுக்கு ஆலையில் தேயிலை சலிக்கும் அறையில் வேலை. வீடு திரும்பும்போது புருவம்கூடத் தூள் படிந்து பழுப்பாக இருக்கும். எனக்கு அதில் பெருமை. அப்பா மெஷின் ஓட்டுகிறார் என்று பதுளைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன்.

டாக்டருக்குத் தமிழ் வராது. இங்கிலீஷ் படிக்கிற பையன் என்பதால் என்னிடம் சொன்னார். இந்த வயதுக்கும் உயரத்துக்கும் நூறு பங்கு காற்று வரவேண்டும். அப்பாவிடம் நாற்பத்தைந்துதான் வருகிறது. இனித் தூசியில் நிற்கக் கூடாது, வெளிவேலை கேட்டு வாங்குங்கள் என்றார்.

எங்கள் வகுப்பில் நாற்பது எடுத்தால் தேர்ச்சி.

"என்னடா சொல்றாரு?"

"நூத்துக்கு நாப்பத்தஞ்சுப்பா. பாஸ்!"

அப்பா சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவன் பாஸ் பண்ணிட்டேன், பாத்தியா? ஒங்கம்மாகிட்ட சொல்லணும். வேற என்னமோ சொன்னாரே?"

"ஒண்ணுமில்லப்பா. கவனமா இருக்கச் சொன்னாரு."

தூசி என்ற சொல் எனக்கு விளங்காமல் இல்லை. வெளிவேலை என்றால் கங்காணியின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு புல்லுவெட்டப் போவது. அதைப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்வேன்? விழுங்கிவிட்டேன். பாஸ் பண்ணியவருக்கு அதெல்லாம் எதற்கு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்பா அதே அறைக்குத் திரும்பினார். நான் பெரிய வகுப்புக்குப் போகும்வரை அவர் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, பஸ்ஸை விட்டிறங்கி மேட்டிலிருந்த எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும்போது பாதிவழியில் அப்பா நின்றார்.

"பாஸ் பண்ணின ஆளு இப்பிடி மூச்சு வாங்கலாமா?" என்று கேலி செய்தேன்.

"வாத்தியாரு ஏமாந்து மார்க்கு போட்டுட்டாருடா" என்று சொல்லி, இருமி, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

நாலு பேர் பார்க்க அப்பா என் தோளில் கைபோட்டு நடந்தது அதுவே முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்கும் ஏற்றம் ஏறும்போதெல்லாம் தோள் அந்தக் கனத்தைத் தேடுகிறது. அடிக்கு அடி அது ஏன் கூடிக்கொண்டே வந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை. பிரியம் என்றே நினைத்தேன்.