வலது பக்கம் கேட்காத ஆம்ப்ளிபயர்

ஒரு வியாழக்கிழமை, என் கடையில் இருந்த ஐந்து ஆம்ப்ளிபயருக்கும் ஒரே நேரத்தில் வலது பக்கம் போய்விட்டது. தக்கலையில் இருபத்தாறு வருஷமாக ஆம்ப்ளிபயர் பிரித்து மாட்டுகிறேன். அப்படி ஒரு கொள்ளைநோய் செட்டுகளுக்கு வந்து நான் பார்த்ததில்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வெற்றிகளை எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் என்பதால், மானம் போன கதை.

1. தீர்ப்பு

அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, இரணியலில் ஞானதாஸ் சார் வீட்டுக்குப் போயிருந்தேன். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர். விலை குறைந்த மாடல்தான், சானலுக்கு, அதாவது ஒரு பக்கத்துக்கு, முப்பது வாட். இருபது வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. துபாயில் இருக்கும் மகள் ஷீபா, பழசைத் தூக்கிப் போடுங்கள், ப்ளூடூத் உள்ளது ஒன்று அனுப்புகிறேன் என்று ஒரே நச்சரிப்பு.

"நீ கேட்டுச் சொல்லு டே. மாத்தணும்னு நீ சொன்னா மாத்துகேன்" என்றார் சார்.

நான் மீட்டர் கொண்டு போகவில்லை. காது இருக்கும்போது மீட்டர் எதற்கு என்கிற திமிர். நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் போடச் சொன்னேன். இடது பக்கம் கணீர். வலது பக்கம் கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி.

பின்னால் போய் ஸ்பீக்கர் ஒயரை இடம் வலம் மாற்றினேன். குறை ஆம்ப்ளிபயரில் என்றால் இப்போது இடது பக்கம் கம்மியாக வேண்டும். ஆகவில்லை, வலதுதான் கம்மி. அப்படியானால் ஸ்பீக்கர். ஸ்பீக்கரையே தூக்கி இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் வலதுதான் கம்மி. அப்படியானால் ஆம்ப்ளிபயர்!

புத்தி உள்ளவன் இந்த இடத்தில் நின்று யோசிப்பான். நான், "ரெண்டும் போச்சு சார்" என்றேன்.

"எனக்கு ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கேக்கு?"

"சாருக்கு வயசு எத்தன?"

"எழுவத்திரெண்டு."

"அதாக்கும். சாருக்க காது இதுக்குப் பழகிப் போச்சு."

சார் தன் காதை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "செரி, நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

2. வியாழக்கிழமை

டெஸ்ட் மேசையில் முதல் செட்டை மாட்டினேன். வலது கம்மி. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அதே. டெஸ்ட் ஸ்பீக்கர்தான் போயிருக்கும் என்று புது ஸ்பீக்கரின் பெட்டியைக் கிழித்தேன். அதுவும் கம்மி. கம்பெனிக்காரனைத் திட்டினேன். ஒயரைத் திட்டினேன். கரண்ட் ஆபீசையும் விடவில்லை.

சால்டரிங் அயர்ன் எடுக்கத் திரும்பி, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி நின்றேன். வலது ஸ்பீக்கர் பளிச்சென்று பாடியது. இடது ஸ்பீக்கர் அமுங்கிப் போனது.

நான் திரும்புவதை ஆம்ப்ளிபயர் பார்த்துக்கொண்டா இருக்கும்?

மறுபடி திரும்பினேன். வலது கம்மி. மறுபடி முதுகைக் காட்டினேன். இடது கம்மி. நாலைந்து தடவை சுற்றினேன். எதிர்த்த பேக்கரிக்காரர் வெளியே வந்து பார்த்தார். எனக்குப் பேய் பிடித்திருப்பதாக அவர் நினைத்திருக்கலாம். பேய் என்றால் தேவலை. போயிருந்தது என் வலது காது.

காது போன சவுண்ட் மெக்கானிக் வேறு என்ன வேலைக்குப் போவான்? பத்து நிமிஷத்தில் கடையை விற்று, வாழைக்குலை வியாபாரம் தொடங்கி, அதிலும் நஷ்டப்பட்டு முடித்திருந்தேன். ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி புஷ்பாவிடம், "எனக்க காது போச்சு. பிள்ளையளுக்குச் சொல்லிரு" என்றேன்.

"சாவுகதுக்கா போறிய? காதுதானே? நாளைக்கு டாக்டர்ட்ட காட்டுவோம். இப்பம் கை கழுவிட்டு வந்து சோறு தின்னுங்க."

3. ரெண்டு எம்எம்

நாகர்கோவிலில் காது டாக்டரம்மா சின்ன வயசு. டார்ச்சால் பார்த்தவர், கம்பவுண்டரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். எனக்கு உயிர் பாதி போய்விட்டது. நாலு பேர் பார்க்கிற அளவுக்கு உள்ளே என்ன இருக்கிறது?

"என்ன வேல பாக்கிறீங்க?"

"ஆம்ப்ளிபயர் சர்வீஸ்."

"காது குடைவீங்களோ?"

என்னை முந்திக்கொண்டு புஷ்பா சொன்னாள்: "கையில கிடைக்கத எல்லாம் விட்டுக் குடைவாரு டாக்டரே. ஒயர், கம்பி, ஒண்ணும் விட மாட்டாரு."

உண்மைதான். என் தொழிலில் நிறையப் பேர் செய்கிற காரியம் இது. ரெசிஸ்டரின் கம்பிக் காலை வளைத்து, குத்தாமல் இருக்க நுனியில் ஒயருக்கு உறையாகப் போடுகிற பிளாஸ்டிக் ஸ்லீவ் ஒரு துண்டு மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு குடைவோம். அதில் உள்ள சுகம் ராஜாக்களுக்குக்கூடக் கிடைத்திருக்காது.

டாக்டரம்மா கொக்கி போட்டு, அழுக்கோடு சேர்த்து ஒரு பொருளை வெளியே எடுத்துத் தட்டில் போட்டார். "இது என்ன?"

"ஸ்லீவ். ரெட். ரெண்டு எம்எம்."

"அளவெல்லாம் நல்லாச் சொல்லுகாரு" என்றாள் புஷ்பா.

வலது சானலுக்குச் சிவப்பு என்பது எங்கள் தொழில் வழக்கம். அந்த மட்டில் சரியான காதில்தான் இருந்திருக்கிறது.

வெளியே வந்ததும் பஸ் ஹாரன் இரண்டு காதிலும் விழுந்தது. ஆனந்தமாக ஞானதாஸ் சாருக்குப் போன் போட்டேன், செட்டு இருக்கட்டும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்ல.

"அதப் புதன்கிழமையே கோயிலுக்குக் குடுத்தாச்சு டே. ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகைல ஏலம் போடுவாங்க. பாட்டுக் கேக்காம ரெண்டு நாளா காலைல காப்பி எறங்கல்ல. நீ எதுக்குக் கூப்பிட்டே?"

"சும்மா சார். சுகமான்னு கேக்கத்தான்."

4. ஏலம்

எங்கள் பக்கத்தில் கோயில் என்றால் சர்ச். அங்கே காணிக்கையாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஏலத்தில் எடுக்க வேண்டியதுதான். சத்தமில்லாமல் எடுத்து, நாலு நாள் கடையில் வைத்து, சரி பண்ணிவிட்டேன் என்று சாரிடம் கொடுத்தால் காது விஷயமும் வெளியே வராது, பெயரும் தப்பும். இதுதான் என் திட்டம். பழுதே இல்லாத செட்டைச் சரி பண்ணுவது எனக்கு ஒன்றும் புதிதல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் வாழைக்குலை போனது, சேவல் போனது, பூசணிக்காய் போனது. பிறகு சபைச் செயலர் ஐசக் அண்ணன் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு சைடு மட்டும் கேக்குத ஆம்ப்ளிபயர்! கல்யாணம் ஆனவனுக்கு ஒரு சைடு கேட்டாப் போதும்! இருநூறு!"

"முந்நூறு" என்று கை தூக்கினேன்.

பந்தலுக்குள் ஒரு குசுகுசுப்பு. "மெக்கானிக்கே கேக்காரு பாத்தியா? உள்ள என்னமோ இருக்கு டே." "பழைய செட்டுல தங்கம் உண்டும் மக்கா." யாரோ ஐநூறு என்றார். பின்னால் இருந்து ஆயிரம் வந்தது. நான் ஏற ஏற அவர்களும் ஏறினார்கள். நான் விடாப்பிடியாக நிற்க நிற்கத் தங்கத்தின் எடையும் கூடிக்கொண்டே போனது. இரண்டாயிரம் தாண்டியதும் புஷ்பா என் தொடையைக் கிள்ளினாள்.

முன்வரிசையில் இருந்த ஞானதாஸ் சார் மெதுவாகத் திரும்பினார். "டே, போச்சுன்னு சொன்னது நீதானே? பின்ன நீ எதுக்கு வெல வச்சுக் கேக்க?"

இனிப் பொய் சொன்னால் தங்கம் உறுதியாகிவிடும். எழுந்து நின்றேன்.

"உள்ள தங்கமும் இல்ல, ஒரு எழவும் இல்ல. செட்டுக்கு ஒரு கேடும் இல்ல. எனக்க காதுதான் அடைச்சுக் கிடந்துது. ஒயர் ஸ்லீவு. டாக்டர் எடுத்துட்டாங்க."

முதலில் சிரித்தது போதகர். அதற்குப் பிறகு யாரும் பாக்கி இல்லை. சேவல்கூடக் கொக்கரித்தது. தங்கம் போனதும் எல்லாக் கைகளும் கீழே இறங்கின. ஐசக் அண்ணன் மட்டும் சளைக்கவில்லை. "அப்பம் ரெண்டு சைடும் கேக்குமே! மூவாயிரம்!"

தப்புச் செய்தவன் பேரம் பேச முடியாது. மூவாயிரத்துக்கு எடுத்தேன்.

அன்றே சார் வீட்டில் மாட்டினேன், இந்தத் தடவை மீட்டரோடு. இரண்டு சானலும் அச்சாக ஒரே அளவு. வால்யூம் கன்ட்ரோலில் கொஞ்சம் கரகரப்பு. கிளீனர் அடித்ததும் போனது. "மாத்தாண்டாம் சார். இன்னும் பல வருஷம் ஓடும்" என்றேன். சார் பாட்டைப் போட்டுவிட்டு, உள்ளே திரும்பி, "ஒரு காப்பி கொண்டா" என்றார். துபாயிலிருந்து போனில் ஷீபாதான் கேட்டாள்: "அண்ணா, செவ்வாக்கிழமை போச்சுன்னிய, இப்பம் ஓடும்ங்கிய. எத நம்ப?"

பழைய ஆம்ப்ளிபயரை மாற்றலாமா என்று யாராவது கேட்டால், ஒயரை மாற்றிப் பாருங்கள், ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள், பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நான் கற்றது இவ்வளவுதான். மீதியை ஊர் கற்றுக்கொண்டது. இப்போது இரணியல் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும், செட்டைக் காட்டுவதற்கு முன்னால் மொபைலில் டார்ச் போட்டு என் காதைப் பார்க்கிறார்கள். நானும் தலையைச் சாய்த்துக் கொடுக்கிறேன், முதலில் வலது பக்கம்.