சீரியஸா, கிரிட்டிக்கலா?

2003-ஆம் ஆண்டு, ஐப்பசி மழைக்காலம். திருமானூர் பக்கம் வயலில் மடை திறக்கப் போன என் மாமனாரைப் பாம்பு கடித்துவிட்டது. அரியலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். மீன்சுருட்டியில் எங்கள் வீட்டில் இருந்தாள். "அப்பாவுக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட மறைச்சிடாதீங்க" என்று அழுதுதான் என்னை அனுப்பினாள்.

காலையில் நர்ஸ் "சீரியஸ்" என்றார். மதியம் டாக்டர் வந்து, "கிரிட்டிக்கல், ஆனா ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். மச்சினன் என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நீங்கதான் இங்கிலீஷ் வாத்தியாரு. காலையில இருந்ததுக்கு இப்ப தேவலையா, மோசமா?"

நான் வகுப்பில் எழுதிப்போடும் சொற்கள்தான். சீரியஸ் என்றால் ஆபத்து. கிரிட்டிக்கல் என்றால் எந்தப் பக்கமும் சாயலாம். அப்படியானால் இதுதான் மோசம். ஆனால் ஸ்டேபிள் என்றால் நிலையாக இருக்கிறார் என்று அர்த்தம், நல்ல சொல்லாயிற்றே! யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டு எண்ணை அழுத்துவேன். மணி அடிக்குமுன் வைத்துவிடுவேன். குண்டும் குழியுமான ரோட்டில் அவளை அழைத்து வந்து ஏதாவது ஆகிவிட்டால்? அழைத்து வராமல் இங்கே ஏதாவது ஆகிவிட்டால்? பூத்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது இங்கிலீஷில் ஏதோ கேட்க ஆரம்பித்தேன். மருமகன் எதிரில் நிற்கவே கூச்சப்படும் என் மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

"ஐயா, எம் பொண்ணு மாசமா இருக்கா. இப்பவே வந்து அவ அப்பன் மொகத்தப் பாத்துடணுமா, பொறவு பாத்துக்கலாமா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "கூட்டிட்டு வந்துடுங்கம்மா" என்றார்.

வாடகைக் கார் பிடித்து ஓடிப்போய் அவளை அழைத்து வந்தேன். மகளைப் பார்த்ததும் மாமனார் கண் திறந்து, "மழையில ஏம்மா வந்த?" என்று கேட்டார். அவள் அவர் கையை விடவே இல்லை. விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அந்தச் சொற்களை இன்றும் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். அன்று என் மாமியார் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அர்த்தம் பார்த்துக்கொண்டே நின்று, என் மனைவிக்கு அந்தக் கடைசிப் பேச்சு கிடைக்காமல் செய்திருப்பேன்.