நான் பாயாத பக்கம்

சம்பா அறுத்த வயலில் வெறுங்காலோடு ஓடினால் தாள் முதலில் குதிகாலில்தான் குத்தும். குத்திய இடத்தில் காய்ந்த மண்ணின் சூடும் சேர்ந்து ஏறும். மாசி, பங்குனி இரண்டு மாதமும் எங்கள் கீழத்தெருப் பையன்களுக்கு அந்த வயல்தான் கால்பந்து மைதானம். ஏழு பேர் டீம். நான் "கோலி", கோலைக் காப்பவன். என் அண்ணன் முருகையன் முன்னால் நின்று கோல் அடிப்பவன்.

அந்த வருஷம் எங்கள் ஒன்றியத்தில் நடந்த போட்டியில் ஜெயித்தோம். ஆனால் பெயர் கொடுக்கும்போதே கோவிந்தன் மாமா ஒரு தப்புச் செய்திருந்தார். அம்மாவின் தம்பி, டிராக்டர் ஓட்டுபவர், டீமுக்கு எல்லாம் அவர்தான். கீழத்தெரு என்று எழுதினால் நாம் யார் என்று தெரிந்துபோகும், மரியாதை இருக்காது என்று ஊர்ப் பெயரை எழுதிவிட்டார். எங்களுக்கும் அது சரியென்றுதான் பட்டது. மைக்கில் ஊர்ப் பெயரைச் சொன்னபோது நாங்களே கை தட்டினோம்.

அடுத்தது திருக்காட்டுப்பள்ளியில். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஜெயித்த டீம்கள் மட்டும் ஆடுவது. தோற்றால் அன்றைக்கே வீட்டுக்கு. ஆடுகிறவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. அண்ணன் பன்னிரண்டாவது எழுதியிருந்தான். அந்தக் காகிதம் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜில் சீட்டுக் கேட்கலாம் என்று அவன் வாத்தியார் சொல்லியிருந்தார். அவனுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

கடிதம் ஊர்ப் பெயருக்கு வந்ததால், ஊர் நிலமெல்லாம் வைத்திருக்கும் பெரிய தெருவுக்குப் போனது. மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"ஊர் பேர்ல ஆடுறது. எங்க புள்ளைங்களும் ஆட வேணாமா கோவிந்தா?"

"ஆடட்டுங்க. ஊருக்குத்தானே" என்று சொல்லிவிட்டு வந்தார் மாமா.

முதலில் ரெண்டு பேர் என்றார்கள். பிறகு நாலு பேர். நாலு பேருக்கும் முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டும். இறுகிய தரையில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொள்ள ஒருவனும் வரவில்லை. அதனால் கோலியாக என்னை வைத்துக்கொண்டார்கள். பின்னால் நிற்க எங்கள் தெருப் பையன்கள் ரெண்டு பேர். லிஸ்டில் அண்ணன் பெயர் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குச் சான்றிதழ்.

அண்ணனும் வந்தான். நான் நின்ற கோலுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். முதல் ஆட்டமே யாரும் கோல் போடாமல் "பெனால்டி"க்குப் போனது. பெரிய தெருப் பையன் ஒருவன் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டான். எதிரிக்கு ஒரே ஒரு அடி பாக்கி. நான் பிடித்தால் இன்னும் ஆடலாம், விட்டால் முடிந்தது. அடிக்க ஓடி வந்தவனின் இடுப்பு திரும்பியதிலேயே பந்து எங்கே வரும் என்று தெரிந்துவிட்டது. பின்னாலிருந்து அண்ணன், "லெப்டுடா, லெப்டு!" என்று கத்தினான்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"கீழத்தெருவ நம்பி வந்தா இப்புடித்தான்" என்றான் மேலே அடித்தவன். நான் வேண்டுமென்றே விட்டது அவனுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். காவிரிக் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது கேட்டான்.

"ஏன்டா பாயல?"

"நீ இல்லாம அவனுங்க ஜெயிக்கணுமா?"

"நம்ம பசங்க ரெண்டு பேரு உள்ள நின்னாங்களேடா. அவங்க என்னடா பண்ணாங்க?"

நான் சைக்கிளை வேகமாகத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

சான்றிதழ் வந்தது. என் பெயரைத் தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள். அந்த ஆனியில் அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அடுத்த கோடையில் வயல்காரர் முள் வெட்டிப் போட்டு வழியை அடைத்தார். கீழத்தெருவில் அதற்குப் பிறகு டீம் சேரவில்லை. இப்போது வயலும் இல்லை. கல் நட்டு மனை போட்டு விற்கிறார்கள்.

அண்ணன் பொங்கலுக்கு வருவான், பேசுவான். பந்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. போன வாரம் அவன் மகன் போன் செய்தான். பள்ளிக்கூட டீமில் சேர்ந்திருக்கிறானாம்.

"சித்தப்பா, உங்க வீட்ல யாராச்சும் ஃபுட்பால் ஆடிருக்காங்களான்னு சார் கேட்டாரு. யாரும் இல்லன்னு அப்பா சொல்றாரு. நிஜமாவா?"

"அப்பா சொன்னா சரிதான்" என்றேன்.