கிளையில் தொங்கிய மருதங்கன்று

இலங்கையில் லக்கலப் பக்கம் காட்டுப் பாதை திருத்தி மரம் நடும் எங்கள் தொண்டர் கூட்டத்துக்கு ஓர் அம்மா தலைவி. ஒல்லி உடம்பு, முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. காட்டுக்குள் நுழையுமுன் ஓர் இலைக்கொத்தை மரக்கிளையில் தொங்கவிட்டுக் கும்பிடுவார். யானை எதிரே வராதிருக்க அங்கே அதுதான் வழக்கம்.

"யானை அதைப் பார்த்து சலாம் போட்டுட்டுப் போகுமாக்கும்" என்று கேலி செய்தேன். அவர் முன்னால் நடந்தார்.

பாதி வழியில் புதர் சடசடவென்று முறிந்தது. யானைதான் என்று நினைத்தேன். கையிலிருந்த கடைசி மருதங்கன்றைப் பையோடு கிளையில் மாட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக் கும்பிட்டேன்.

"அண்ணே, கண்ணத் தொறங்க. எரும போயிருச்சு" என்றார் தலைவி.

"கன்றுக்கு வெயில் படட்டுமேன்னு..." என்று இழுத்தேன்.

"சாமிக்குத் தொங்கவிட்டத எடுக்கக்கூடாதுங்க. இனி எதை நடுறது?"

அவர் கிளையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சாமி, இவரு புதுசு. பயத்துல மாட்டிட்டாரு. மரக்கன்ன மட்டும் திருப்பித் தாங்க. வேணும்னா இவர இங்க விட்டுட்டுப் போறோம்."

முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. அவர் வேண்டிக்கொண்டாரா, என்னை விலை பேசினாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கன்றுக்குக் குழி வெட்டும்போது மட்டும் அவர் பக்கத்தைவிட்டு நான் நகரவேயில்லை.